டீசல் கொட்டினால் தண்ணீர்க் குழாயைத் தேடாதீர்கள்: நெல்லைச் சீமைக் கட்டுமானத் தளங்களுக்குப் புதிதாக வருவோருக்கு

டிப்ளமோவோ பொறியியல் பட்டமோ முடித்துவிட்டு முதன்முதலாகக் கட்டுமானத் தளத்துக்கு வருபவருக்குக் கம்பி வளைப்பதையும் கலவை விகிதத்தையும் சொல்லித்தர ஆள் உண்டு. பேரல் சாய்ந்து நூறு லிட்டர் டீசல் தரையில் ஓடும்போது என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லித்தர அநேகமாக யாரும் இருப்பதில்லை. அப்படி ஒரு நேரத்தில் கூடி நிற்கும் அத்தனை பேருக்கும் தோன்றும் யோசனை ஒன்றுதான்: "குழாயைத் திறந்து கழுவிவிடலாம் அண்ணாச்சி." இந்த யோசனையைத் தளத்திலிருந்து விரட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும். கழுவினால் தரை சுத்தமாகும், டீசல் மறையாது. வாறுகாலில், அதாவது தெருவோர வடிகாலில், இறங்கி உங்கள் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போகும். நம் பக்கத்தில் அந்த இடம் யாரோ குளிக்கிற படித்துறையாகவோ, யாரோ நாற்று நட்டிருக்கிற வயலாகவோதான் பெரும்பாலும் இருக்கும்.

இந்தக் கட்டுரை முழுவதற்கும் அடிப்படை இதுதான்: கொட்டிய பொருளை அகற்றுவது இரண்டாவது வேலை. அது போகிற வழியை அடைப்பது முதல் வேலை.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள்: தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது?

கட்டட வரைபடத்தைப் பார்க்கும் முன் தளத்தைச் சுற்றி ஒரு நடை நடந்துவிடுங்கள். எங்கே மேடு, எங்கே பள்ளம், மழை பெய்தால் நீர் எந்த மூலையில் வெளியேறுகிறது, வெளியேறிய பின் எங்கே போகிறது என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு வாளி நீரைத் தரையில் ஊற்றினால் போதும், அதுவே காட்டிக்கொடுத்துவிடும். பிறகு அக்கம்பக்கத்து வீட்டுப் பெரியவர் யாரிடமாவது கேளுங்கள். எந்த மழைக்கு எதுவரை நீர் நின்றது என்பதை அவர் விரல் நீட்டிக் காட்டுவார்.

நெல்லை மாநகரில் வேலை என்றால் அநேகமாக ஏதாவது ஒரு கால்வாயின் பக்கத்தில்தான் இருப்பீர்கள். தாமிரபரணியின் அணைக்கட்டுகளிலிருந்து பிரிகிற நெல்லைக் கால்வாயும் பாளையங்கால்வாயும் கோடகன் கால்வாயும் குடியிருப்புகளை ஒட்டியே ஓடுகின்றன. சேரன்மகாதேவிப் பக்கம் போனால் கன்னடியன் கால்வாய். ஒவ்வொன்றும் வழியிலுள்ள குளங்களை நிரப்பிக்கொண்டு போகும். ஒரு குளம் நிரம்பி வழிகிற மறுகால் நீர் அடுத்த குளத்துக்குப் போகும். ஆக, ஒரு வாறுகாலில் விழுந்த எண்ணெய்க்கு எத்தனை ஊர் வழி திறந்திருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தாமிரபரணி ஆறு தனியே நெல்லை, தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களின் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களுக்கு நீர் கொடுக்கிறது.

கோடையில் கால்வாய் வறண்டு கிடக்கும்போது ஓர் அலட்சியம் வரும்: "தண்ணீரே இல்லையே, என்ன ஆகிவிடப் போகிறது?" காய்ந்த கால்வாய் மண்ணில் ஊறிய எண்ணெய் அங்கேயே காத்திருக்கும். ஜூனில் கார் சாகுபடிக்கு அணை திறந்ததும் முதல் நீரோடு அதுவும் கிளம்பும்.

மண்ணையும் தெரிந்துகொள்ள வேண்டும். மானூர், கங்கைகொண்டான் பக்கத்துக் கரிசல் வெயில் காலத்தில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். கொட்டியது வெடிப்பின் வழியே நேரே கீழே இறங்கிவிடும், மேலே பார்த்தால் சிறிய கறைதான் தெரியும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி எனும் செம்மணல் மேட்டு மணல் ஊற்ற ஊற்றக் குடிக்கும். ராதாபுரம் வட்டத்தில் இன்னொரு விவகாரமும் உண்டு. 2021 வடகிழக்குப் பருவமழையின்போது ஆயன்குளத்தில் ஒரு கிணற்றுக்குள் வெள்ள நீரைத் திருப்பிவிட்டும் அது நிரம்பவேயில்லை என்பது செய்தியானது நினைவிருக்கலாம். சென்னை ஐஐடியிலிருந்து வந்து ஆராய்ந்தார்கள். அடியில் சுண்ணாம்புப் பாறைக் குகைகள் வழியே நீர் போகிறது என்பதுதான் விஷயம். ஊரே அதை அதிசயக் கிணறு என்று வேடிக்கை பார்த்தது. கட்டுமானக்காரர் அதை எச்சரிக்கையாகப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட பூமியில் நீங்கள் சிந்துவது யாருடைய கிணற்றில் தலைகாட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தளத்தில் என்னென்ன சிந்தும்?

ஸ்டோர் பொறுப்பாளரை அருகில் வைத்துக்கொண்டு ஒரு பட்டியல் எழுதுங்கள். ஜெனரேட்டருக்கும் ஜேசிபிக்கும் டீசல். வண்டிகளிலிருந்து வடிக்கிற பழைய ஆயில். கான்கிரீட் வார்க்கும் சென்ட்ரிங் தகட்டில் தடவும் ஆயில். ஹைட்ராலிக் ஆயில். பெயின்ட், தின்னர், பிரைமர். டைல்ஸ் கழுவ ஆசிட். கரையான் மருந்து. கான்கிரீட்டில் கலக்கும் ரசாயனங்கள். சாலை வேலையென்றால் தார். பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலை வேலைக்குப் போனால் கியர் ஆயிலும் டிரான்ஸ்ஃபார்மர் ஆயிலும் சேரும்.

இந்தப் பட்டியலில் யாரும் எழுதாமல் விடுவது சிமென்ட் கழுவிய நீர். கலவை இயந்திரத்தையும் லாரி டிரம்மையும் கழுவி விடுகிற அந்தச் சாம்பல் நிற நீரைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது. ஆனால் அதன் பி.எச். அளவு, அதாவது அமில-காரத் தன்மையைக் காட்டும் எண், 12-ஐத் தாண்டும், கடுங்காரம். அளவு 9-ஐத் தாண்டினாலே மீன்களுக்குப் பாடு. கான்கிரீட் போட்டு முடித்த மாலையில், கால்வாய்க் கரையில் லாரியை நிறுத்தி டிரம்மைக் கழுவுவதை ஒரு பாவமும் அறியாத முகத்தோடு செய்கிறார்கள். என் கணக்கில் நம் பக்கத்துத் தளங்களிலிருந்து நீர்நிலைக்குப் போகும் கேடுகளில் டீசலைவிட இதுவே அன்றாடக் கேடு.

இதற்குத் தீர்வு எளிது. தளத்தின் தாழ்வான மூலையில் அல்ல, மேடான ஓர் இடத்தில், வாறுகாலிலிருந்து தள்ளி ஒரு குழி வெட்டுங்கள். தடித்த தார்ப்பாய் விரித்து ஓரங்களுக்கு மண்மூட்டை வையுங்கள். கழுவுவதெல்லாம் அதற்குள் மட்டும். தெளிந்த நீரில் மறுநாள் சட்டி, மம்பட்டி கழுவிக்கொள்ளலாம். அடியில் இறுகிய கான்கிரீட்டை உடைத்துத் தரை நிரப்பப் போட்டுவிடலாம். லாரி ஓட்டுநர் வந்ததும் குழியைக் காட்டிவிடுங்கள். கலவை இறக்கும் முன்பே காட்டுவது முக்கியம், இறக்கிய பிறகு அவருக்கு அவசரம் வந்துவிடும்.

ஒவ்வொரு ரசாயனத்துக்கும் உற்பத்தியாளர் தருகிற பாதுகாப்புத் தகவல் தாள் ஒன்று உண்டு. விற்பவர் தானாகத் தரமாட்டார், கேட்டு வாங்க வேண்டும். அதில் 16 பகுதிகள் இருக்கும். எல்லாவற்றையும் முதல் நாளே படிக்க வேண்டியதில்லை. 4-ஆவது முதலுதவி, 5-ஆவது தீயணைப்பு, 6-ஆவது சிந்தினால் செய்ய வேண்டியது, 7-ஆவது கையாளுதலும் சேமிப்பும். இந்த நான்கையும் தமிழில் சுருக்கி எழுதி ஸ்டோர் சுவரில் ஒட்டுங்கள். பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் தளத்தில் இருந்தால் எழுத்தோடு படமும் வேண்டும். அவர்களில் ஒருவருக்கு ஓரளவு தமிழ் தெரிந்திருக்கும், அவரை அருகில் வைத்துச் சொல்லிக்கொடுங்கள்.

பேரல் நிற்க ஒரு தொட்டி

டீசல் பேரலை நேரடியாக மண்ணில் நிறுத்துவதுதான் எல்லாத் தொல்லைக்கும் ஆரம்பம். அடியில் துருப்பிடித்துக் கசிவது மாதக்கணக்கில் தெரியாது. அதற்குக் கீழே ஒரு சிறிய கரைகட்டிய தொட்டி போதும், கொத்தனார் அரை நாளில் முடித்துவிடுவார். உலகெங்கும் பின்பற்றும் கணக்கு இது: உள்ளே நிற்கும் கலன்களில் பெரியதன் கொள்ளளவைவிடப் பத்து சதவீதம் கூடுதலாகத் தொட்டி தாங்க வேண்டும். பேரல் 200 லிட்டர் என்றால் தொட்டி 220 லிட்டருக்காவது இடம் தர வேண்டும்.

நம் கொத்தனார்கள் அடியில்தான் பேசுவார்கள், அதிலேயே கணக்குப் போடலாம். ஏழடி நீளம், ஐந்தடி அகலம், ஆறங்குல உயரக் கரை. பெருக்கினால் பதினேழரை கன அடி. கன அடிக்கு ஏறக்குறைய 28 லிட்டர் வீதம் 490 லிட்டர். உள்ளே இரண்டு பேரல் நின்றால் அவை அடைக்கிற இடம் சுமார் 80 லிட்டர். மீதி 410. தாராளம். உள்பக்கம் சிமென்ட் பூச்சு விரிசல் இல்லாமல் இருக்க வேண்டும். மேலே தகரக்கூரை வேண்டும், இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் தொட்டி நீரால் நிறைந்து, சிந்துவதற்கு இடமே மிஞ்சாது. நீரை வெளியேற்ற அடியில் துளை வைக்கலாமா என்று மேஸ்திரி கேட்பார். வைக்கக் கூடாது. துளை வைத்த தொட்டி தொட்டியே அல்ல.

வெள்ளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டீசல் தண்ணீரைவிட இலேசானது. நிரம்பிய 200 லிட்டர் பேரல்கூட மிதக்கும், பாதி காலியானது படகு போலப் போகும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைப் பார்த்த எவருக்கும் நீர் எதுவரை வரும் என்று விளக்க வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகவே பேரல்களைக் கயிறோ சங்கிலியோ கொண்டு தூணில் பிணைத்துவிடுங்கள். ஆற்றுக்கும் கால்வாய்க்கும் அருகில் வேலை என்றால் மழைக்காலத்தில் தேவைக்கு மட்டும் வாங்குங்கள், இருப்பு வைக்காதீர்கள்.

இருப்பைப் பற்றிச் சட்டமும் பேசுகிறது. 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி டீசலை மொத்தம் 2,500 லிட்டர் வரை, ஒரே கலனில் 1,000 லிட்டருக்கு மிகாமல் வைத்துக்கொள்ள உரிமம் தேவையில்லை. அதற்கு மேல் போனால் உரிமம் வேண்டும். "பெரிய டேங்க் ஒன்று இறக்கிவிடலாம்" என்று ஒப்பந்ததாரர் சொல்லும் நாளில் இது நினைவில் இருக்கட்டும்.

எரிபொருள் ஊற்றும்போதுதான் பெரும்பாலும் சிந்துகிறது. பேரலிலிருந்து எடுக்கக் கைப்பம்பு வாங்குங்கள். குழாயை வாயில் வைத்து உறிஞ்சி எடுக்கும் பழக்கத்தை ஒரு நாளும் அனுமதிக்காதீர்கள். ஒரு மடக்கு டீசல் நுரையீரலுக்குள் போனாலே உயிருக்கு ஆபத்து. அப்படி ஒருவர் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது, வாந்தி வரும்போது மீண்டும் நுரையீரலுக்குள் போகும். நேரே மருத்துவமனைதான்.

இன்னொரு பழக்கத்தைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். ஆசிட்டையும் தின்னரையும் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது. வேலையாட்களின் குடும்பங்கள் தளத்திலேயே கொட்டகை போட்டுத் தங்கியிருக்கும், குழந்தைகள் அங்கேயே விளையாடும். தாகத்தில் எடுத்துக் குடிக்க ஒரு நொடி போதும். அதே போலக் கரையான் மருந்து வந்த கேனைக் கழுவித் தண்ணீர் பிடிப்பார்கள். காலிக் கேனில் ஆணியால் நாலு ஓட்டை போட்டுவிட்டால் அந்த ஆசை போய்விடும். காலி டீசல், தின்னர் பேரலைக் கேஸ் கட்டரால் வெட்டவும் விடாதீர்கள். உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். நிரம்பிய பேரலைவிடக் காலிப் பேரல் ஆபத்தானது என்பதைப் புதியவர்கள் நம்பமாட்டார்கள். சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

சிவப்புப் பேரல்

சிந்தினால் எடுத்துக்கொள்ளப் பொருட்கள் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். மூடியுள்ள பழைய பிளாஸ்டிக் பேரல் ஒன்றுக்குச் சிவப்பு வண்ணம் அடித்து டீசல் தொட்டிக்கு எட்டும் தூரத்தில் வையுங்கள். தொட்டிக்கு அருகிலேயே ஒட்டி வைக்க வேண்டாம், தீப்பிடித்தால் எடுக்க முடியாது. வெளிநாட்டுத் தயாரிப்பாக விலை கொடுத்து வாங்குகிற உறிஞ்சு பொருட்கள் உண்டு, பெரிய நிறுவனங்களின் தளங்களில் அவை இருக்கும். சிறிய ஒப்பந்ததாரரிடம் வேலை பார்ப்பவர் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். நம் ஊரிலேயே நல்ல சரக்கு இருக்கிறது.

தென்னைநார்த் தூள், கயிறு திரிக்கும் இடங்களில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். காய்ந்த தூள் எண்ணெயைத் தன் எடையைப் போலப் பல மடங்கு குடிக்கும். மரத்தூளும் ஆகும். தரையில் பரவுவதைத் தடுக்க உலர்ந்த மணல். நீரின்மேல் மிதக்கிற எண்ணெய்க்கு இலவம் பஞ்சுக்கு நிகர் இல்லை. அது எண்ணெயைப் பிடிக்கும், நீரைத் தொடாது. தலையணைக்குப் பஞ்சு அடைப்பவரிடம் வாங்கி, பழைய கொசுவலைத் துணியில் நீளமாகச் சுற்றி, முழத்துக்கு ஒரு கட்டுப் போட்டு வைத்துக்கொண்டால் கால்வாயின் குறுக்கே விரிக்கிற தடுப்பு ரெடி.

இவற்றோடு வெறும் சாக்குகள், தடித்த பாலித்தீன் பைகள், ரசாயனம் தாங்கும் கையுறை இரண்டு ஜோடி, கண்ணாடி, கம்பூட், பிளாஸ்டிக் முறம், சிறிதும் பெரிதுமாக மர ஆப்புகள், ஓட்டை அடைக்கும் எம்-சீல் பசை, ஒரு துணி சோப்புக் கட்டி, இரண்டு கிலோ சலவை சோடா, அழியாத மை பேனா. சோப்பு எதற்கு என்று கேட்பீர்கள். டீசல் டேங்க்கில் சிறு விரிசலோ ஊசித் துளையோ விழுந்தால் சோப்புக் கட்டியை அழுத்தித் தேய்த்து அடைப்பது லாரிக்காரர்களின் பழைய வித்தை. அது நிரந்தரமல்ல, மாற்றுக் கலன் வரும்வரை தாங்கும். அருகில் உலர்தூள் அல்லது நுரைத் தீயணைப்பான் ஒன்று கட்டாயம். எண்ணெய்த் தீக்கு நீர் உதவாது, தீயைப் பரப்பிவிடும்.

கொட்டிவிட்டது. இனி வரிசையாக.

முதலில் நில்லுங்கள். ஓடிப் போய்க் கையை வைப்பது வீரமல்ல. என்ன பொருள், எவ்வளவு, யாருக்காவது அடிபட்டிருக்கிறதா என்று பார்க்க ஐந்து நொடி போதும். காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கிற காற்று, காற்றாலைகளைச் சுற்றவைக்கிற காற்று, தின்னர் ஆவியையும் அதே வேகத்தில் கொண்டுபோகும். காற்று வருகிற பக்கம் நீங்கள் நில்லுங்கள், போகிற பக்கம் இருப்பவர்களை விலக்குங்கள். அங்கே வெல்டிங்கோ சமையல் அடுப்போ இருந்தால் உடனே அணைக்கச் சொல்லுங்கள். பீடியும் சிகரெட்டும் தனியே சொல்ல வேண்டும். பெட்ரோல், தின்னர் சிந்திய இடத்துக்குப் பக்கத்தில் ஸ்விட்ச் போடுவதும் அணைப்பதுமே பொறி தரும். ஆகவே ஆவி பரவாத தூரத்திலுள்ள மெயினை அணையுங்கள்.

இரண்டாவது, ஊற்றை நிறுத்துங்கள். சாய்ந்த பேரலை நிமிர்த்துங்கள். துளை விழுந்திருந்தால் துளை மேலே வரும்படி உருட்டிவிடுங்கள், பாதிக் கசிவு அப்படியே நின்றுவிடும். வால்வு இருந்தால் மூடுங்கள். ஆப்பு அடியுங்கள். இதெல்லாம் உங்கள் உடம்புக்குப் பாதுகாப்பாக முடிந்தால் மட்டும்.

அதே நேரத்தில், முடிந்தால் அதற்கும் முன்பே, இன்னொரு ஆளை வாறுகால் வாய்க்கு அனுப்புங்கள். இருவர் மட்டுமே இருந்து ஊற்றை உடனே நிறுத்த முடியாதென்று தெரிந்தால் இருவரும் வாறுகாலுக்கே போங்கள். மண்மூட்டை, களிமண், எம்-சாண்ட் எது கைக்குக் கிடைத்தாலும் போட்டு அடையுங்கள். முதல் நாள் நடந்து பார்த்த நடை இப்போதுதான் பயன்படும். எந்த மூலைக்கு ஓட வேண்டும் என்று யோசிக்காமல் கால் போகும்.

பிறகு உறிஞ்சவைப்பது. மணல் கரை ஒன்றைச் சுற்றிலும் கட்டிவிட்டு, வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கித் தூளைப் போட்டுக்கொண்டே வாருங்கள். நடுவில் கொட்டினால் விளிம்பு பரவிவிடும். கால் மணி நேரம் ஊறவிட்டுப் பிளாஸ்டிக் முறத்தால் அள்ளுங்கள். கறை படிந்த மண்ணையும் சேர்த்து, எண்ணெய் வாசம் நிற்கும்வரை தோண்டி எடுக்க வேண்டும். கரிசல் வெடிப்பாக இருந்தால் வெடிப்பைத் தொடர்ந்து கீழே போக வேண்டியிருக்கும். சோப்புத் தூளைப் போட்டுத் தேய்த்துக் கழுவலாமா என்று இந்தக் கட்டத்தில் மறுபடியும் யாராவது வருவார். சோப்பு எண்ணெயை உடைத்து நீரோடு கலந்துவிடும், பிறகு எந்தப் பஞ்சாலும் அதைப் பிடிக்க முடியாது.

வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது என்றால் கையை விரித்துவிட வேண்டாம். ஓட்டம் குறைந்த சிறிய வாய்க்காலில், எண்ணெய் போய்ச் சேராத கீழ்ப்பகுதிக்கு ஓடிப்போய்க் குறுக்கே மண்கரை போடுங்கள். முழுக்க அடைத்தால் நீர் நிரம்பிக் கரையை உடைத்துக்கொண்டு போகும். அதனால் கரைக்குள் நான்கங்குலப் பிவிசி குழாய் ஒன்றைச் சாய்வாகப் புதையுங்கள். எண்ணெய் வரும் மேல்பக்கத்துக் குழாய் வாய் நீருக்குள் நன்றாக மூழ்கியிருக்க வேண்டும், கீழ்ப்பக்கத்து வாய் அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். எண்ணெய் மேலே மிதப்பதால் குழாய்க்குள் அடிநீர் மட்டும் புகுந்து வெளியேறும், எண்ணெய் கரைக்கு மேல்பக்கம் தேங்கி நிற்கும். அதை இலவம் பஞ்சாலும் வைக்கோலாலும் எடுக்கலாம். குழாயும் மம்பட்டியும் தளத்தில் எப்போதும் கிடக்கிற பொருட்கள்தான். ஓட்டம் அதிகமானால் குழாயின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். பெரிய கால்வாயில் இந்த வித்தை செல்லாது. அங்கே நீர்வளத் துறைக்குச் சொல்லி மடையை அடைக்க வைப்பதும், கீழே குளிப்பவர்களுக்குத் தகவல் கொடுப்பதும்தான் வழி.

பொருளுக்குப் பொருள் வேறுபடுகிறது

ஆசிட் சிந்தினால் மரத்தூள் போடாதீர்கள். உலர்மணலால் கரை கட்டி, சலவை சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். நுரைத்துப் பொங்கும், பொங்குவது நிற்கும்வரை தொடருங்கள். நீற்றிய சுண்ணாம்பும் ஆகும். நீற்றாத சுட்ட சுண்ணாம்பு கொதித்துத் தெறிக்கும், அது வேண்டாம். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றோடொன்று சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கழிப்பறை கழுவும் அவசரத்தில் இரண்டையும் கலந்து மூச்சுத் திணறியவர்கள் பலர். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்கக் கூடாது என்பதற்கு வேறு காரணம் வேண்டாம்.

கரையான் மருந்து தனி ரகம். அஸ்திவாரத்தில் அடிக்கிற குளோர்பைரிபாஸ் போன்றவை தோல் வழியாகவே உடம்பில் ஏறும். உடம்பில் கொட்டினால் சட்டை, வேட்டி எல்லாவற்றையும் உடனே களைந்து, சோப்புப் போட்டு நன்றாகக் குளிக்கவைக்க வேண்டும். வாயில் எச்சில் ஊற்றெடுப்பது, வியர்த்துக்கொட்டுவது, கண்மணி சுருங்குவது, வாந்தி, மூச்சிரைப்பு இவற்றில் எது தெரிந்தாலும் 108. போகும்போது மருந்து டப்பாவையோ அதன் லேபிளையோ கையோடு கொண்டுபோங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி "என்ன மருந்து?" என்பதாகத்தான் இருக்கும்.

ஜேசிபியின் ஹைட்ராலிக் ஹோஸில் ஊசித்துளைக் கசிவு இருந்தால் கையால் தடவிப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே முள் குத்தியது போலத்தான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே சதை அழுகிக் கையையே இழக்க நேரலாம். அட்டையை நீட்டிச் சோதியுங்கள். குத்திவிட்டால் காயம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அன்றே, அப்போதே அறுவை மருத்துவரிடம் போக வேண்டும். மருந்துக் கடையில் களிம்பு வாங்கித் தடவுகிற காயம் அல்ல அது.

சிமென்ட் நீர் கண்ணில் தெறித்தால் ஓடும் நீரில் இருபது நிமிடம், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். கம்பூட்டுக்குள் கலவை புகுந்தால் வேலை முடியட்டும் என்று நிற்காமல் உடனே கழற்றிக் கழுவ வேண்டும். கான்கிரீட் போடுகிற நாளில் யாரும் நிறுத்தமாட்டார்கள், நீங்கள்தான் நிறுத்தச் சொல்ல வேண்டும். சூடான தார் பட்டால் நீரில் குளிரவிடுங்கள், உரித்தெடுக்க முயலாதீர்கள், தோலோடு வரும்.

யாரிடம் சொல்வது, எங்கே கொண்டுபோவது

தீ அபாயம் இருந்தால் 101 அல்லது 112. ஆளுக்கு ஆபத்து என்றால் 108. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077. நீர்நிலைக்குப் போய்விட்டால் நீர்வளத் துறை, மாநகராட்சி அல்லது ஊராட்சி, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம். இந்த அலுவலக எண்களை முன்கூட்டியே எழுதி ஸ்டோர் கதவில் ஒட்டிவிடுங்கள். சொன்னால் அபராதம் வருமே என்று ஒப்பந்ததாரர் தயங்குவார். கீழே இருக்கிற ஊர்க்காரர்கள் எண்ணெய்ப் படலத்தைக் கண்டு தேடிக்கொண்டு வந்தால் என்ன ஆகும் என்பதை அவரிடம் மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். நம் பக்கத்தில் தண்ணீர் விஷயத்தில் ஊர் சும்மா இருக்காது.

அள்ளிய மண்ணும் பஞ்சும் சாதாரணக் குப்பை அல்ல. 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் பழைய ஆயிலும் எண்ணெய் தோய்ந்த கழிவும் வருகின்றன. குப்பை வண்டியில் போடக் கூடாது, எரிக்கக் கூடாது, அடித்தளத்துக்குள் போட்டு மூடவும் கூடாது. மூன்றாவதுதான் எல்லோருக்கும் வசதியாகத் தோன்றும். பாலித்தீன் பையில் இரட்டையாகக் கட்டி, என்ன பொருள், எந்தத் தேதி என்று அழியாத மையில் எழுதி, கூரைக்கு அடியில் வையுங்கள். 90 நாளுக்கு மேல் இருப்பு வைக்கக் கூடாது. வாங்கிக்கொள்ள அங்கீகாரம் பெற்றவர்கள் யார் என்று சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் கேட்டால் தெரியும். பழைய ஆயிலை லிட்டர் கணக்கில் விலைபேச வருபவரிடமும் அந்த அங்கீகாரத்தைக் கேளுங்கள். பலர் அந்தக் கேள்வியிலேயே வண்டியைத் திருப்பிவிடுவார்கள்.

அன்று மாலையே பதிவேட்டில் எழுதிவிடுங்கள். எத்தனை மணிக்கு, எங்கே, என்ன, எவ்வளவு, எப்படிச் சிந்தியது, யார் அடைத்தது, எத்தனை மூட்டை அள்ளினோம், யாருக்குத் தகவல் சொன்னோம். "கவனக்குறைவு" என்று ஒரே சொல்லில் காரணம் எழுதாதீர்கள். பேரல் ஏன் சாய்ந்தது? ஜேசிபி பின்னால் வரும்போது இடித்தது. ஏன் இடித்தது? வழியில் வைத்திருந்தோம். ஏன் வழியில் வைத்தோம்? தொட்டி இன்னும் கட்டவில்லை. இந்த மூன்றாவது பதிலை எழுதினால்தான் அடுத்த வாரம் தொட்டி கட்டப்படும்.

எழுதி முடித்ததும் சிவப்புப் பேரலைத் திறந்து பாருங்கள். தூள் காலியாகியிருக்கும், கையுறை கிழிந்திருக்கும், சோப்பை யாராவது குளிக்க எடுத்துப் போயிருப்பார்கள். மறுநாள் காலைச் சாமான் பட்டியலில் சிமென்ட், கம்பிக்கு மேலே அவற்றை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.